சவரிராயலு முஸ்யேவின் மூன்று நாட்கள்

எங்கள் தெருவில் இறந்துபோனவர்கள் எல்லோரும் வைத்த இடத்தில் இருக்கிறார்கள், சவரிராயலு முஸ்யே ஒருவரைத் தவிர. அவர் அக்டோபர் பதினெட்டாம் தேதி காலையில் காரைக்கால் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேருவார், ஏப்ரல் பதினாறாம் தேதி சாயங்காலம் கிளம்பிப் போவார், நடுவிலே உள்ள நூற்று எண்பத்தொரு நாளும் தன் குழியில் ஒழுங்காகப் படுத்திருப்பார். உயிரோடு இருந்தபோதும் இதே தேதிகளில்தான் வந்து போய்க்கொண்டிருந்தார் என்பதால், செத்த பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை என்று தெரிந்தபோது எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் வரவில்லை. இந்த மனுஷர் இன்னும் திருந்தவில்லையே என்ற சலிப்புதான் வந்தது.

பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் பெரியவர்களை நாங்கள் முஸ்யே என்று சொல்வது வழக்கம். சவரிராயலு முஸ்யே, காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில் பிறந்து, இருபது வயதில் கப்பலேறி, பாரிஸில் முப்பத்துநாலு வருஷம் தபால் பிரிக்கும் வேலை பார்த்து, பாரிஸுக்கு வெளியே சார்செல் என்ற ஊரில் இரண்டு அறை வீடு ஒன்றும், இங்கே எங்கள் தெருவில் மாடி வைத்த வீடு ஒன்றும், எதற்கும் இருக்கட்டும் என்று ஊருக்கொரு கல்லறை இடமும் வாங்கிப் போட்டவர். அவர் ஓய்வு பெற்ற வருஷம் சார்செல் பூங்காவில் யாரோ ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு விஷயம் சொல்லியிருக்கிறான். ஒரு நாடு உன்னை வருஷத்தில் பாதிக்கு மேல் வைத்திருந்தால் உன்னைத் தன் ஆள் என்று சொல்லிவிடும், நீ செத்த அன்றைக்குத் தலைமாட்டில் வந்து நின்று பங்கு கேட்கும், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொத்திலும் சேர்த்துக் கேட்கும் என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். சொன்னவன் வக்கீலா வழிப்போக்கனா என்று முஸ்யே விசாரிக்கவில்லை.

அன்றைக்கே ஒரு கறுப்பு நோட்டு வாங்கினார். காலையில் எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த நாள் அந்த ஊர்க் கணக்கு என்று வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். காரைக்காலில் நூற்று எண்பத்தொன்று, சார்செலில் நூற்று எண்பத்தொன்று, இரண்டையும் கூட்டினால் முந்நூற்று அறுபத்திரண்டு. மீதி மூன்று நாள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டால், "அது யாருக்கும் சொந்தமில்லாத நாள்" என்பார், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். ஏதாவது ஒரு விமான நிலையத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்துவிடுவார் என்று நாங்களாக முடிவு கட்டிக்கொண்டோம்.

மற்றபடி விசித்திரமான ஆள்தான். பல் பிடுங்கிக்கொள்ள நாகப்பட்டினம் போவதென்றாலும் சாம்பல் நிறக் கோட்டை மாட்டி, பாஸ்போர்ட்டை உள்பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார். அவருடைய சின்ன வயதில் வாஞ்சூர் சாவடிக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் வேறு நாடு. பெட்டியைத் திறந்து காட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித்தான் தாண்ட வேண்டும். இப்போது அதே சாவடியில் போலீஸ்காரர்கள் பஸ்ஸில் ஏறிப் பையில் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இவர் பாஸ்போர்ட்டை நீட்டுவார், அவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு சல்யூட் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போவார்கள். பழக்கதோஷம் என்று நாங்களும் சிரித்தோம், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்ததில்லை. பெட்டியில் பாதிதான் வெளியே எடுத்து வைப்பார், மீதி பாதி பெட்டிக்குள்ளேயே இருக்கும். காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வி இன்றைக்கு எத்தனையாவது நாள் என்பதுதான். மகள் செலஸ்தீனைப் பெண் பார்த்துவிட்டுப் போன தஞ்சாவூர்க்காரர்கள் நிச்சயதார்த்தத்தை ஏப்ரல் பதினேழில் வைக்கலாம் என்றார்கள்; முஸ்யே முடியாது என்றார், ஒரு நாள் முன்னே வையுங்கள் என்றார், அவர்கள் அன்றைக்கு ஈஸ்டர், வர முடியாது என்றார்கள், அதோடு அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. செலஸ்தீன் அதன்பிறகு யாருக்கும் காப்பித் தட்டு ஏந்தவில்லை. வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மிஷின் போட்டு, தெருவில் உள்ள பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்து, நோயாளித் தாயையும் பார்த்துக்கொண்டாள். தம்பி மர்சேல் சார்செலில் பஸ் ஓட்டுகிறான், மூன்று பிள்ளைகள், வீட்டுக் கடன்.

செலஸ்தீனின் தாய் மரிஸ்தெல்லா அம்மாள், முஸ்யே சாவதற்குப் பதினோரு வருஷம் முன்னால், ஒரு ஏப்ரல் மாதத்தில், பேச்சு அடங்கிப் படுத்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒரு நாளோ இரண்டு நாளோ என்று சொல்லிவிட்டுப் போனது பதினாறாம் தேதி காலையில். அன்று சாயங்காலம் முஸ்யே கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டியோடு தெருவில் இறங்கினார். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை, இன்றைக்கு நினைத்தாலும் அது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. பதினெட்டாம் தேதி மத்தியானம் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தார். சாயங்காலம் அடக்கத்துக்கு முஸ்யே அதே கோட்டோடு, அதே பெட்டியோடு வந்து நின்றார், சென்னையிலிருந்தே திரும்பிவிட்டேன் என்றார், ஒரு ராத்திரி இருந்துவிட்டு விடிந்ததும் போய்விட்டார். அந்த வருஷம் அக்டோபரில் ஒரு நாள் தள்ளி வந்தார். செலஸ்தீன் அன்றையிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், ஆனால் தானாக ஒரு வார்த்தை அவரிடம் பேசியதில்லை.

முஸ்யே ஒரு டிசம்பர் ஐந்தாம் தேதி, நாற்பத்தொன்பதாவது நாள், மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். இருப்பதில் நல்ல கோட்டைப் போட்டு ஆம்பிளைகளை அடக்கம் செய்வது எங்கள் வழக்கம், அவரிடம் இருந்ததில் நல்லது அந்தச் சாம்பல் கோட்டுதான், ஆகவே அதையே போட்டு, பொத்தானெல்லாம் பூட்டி, கையில் ஜெபமாலை சுற்றிப் பெட்டியை மூடினோம். உள்பையைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாஸ்போர்ட்டும் நோட்டும் அவரோடேயே போய்விட்டன.

அடுத்த ஏப்ரல் பதினேழாம் தேதி காலையில், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சந்தியாகு வந்து, முஸ்யே குழி ஒரு முழம் உள்வாங்கிக் கிடக்கிறது என்றான். நாலு நாள் கழித்து மர்சேல் அக்காவுக்குப் போன் செய்தான். சார்செல் கல்லறைக் காவலாளி தன் பதிவேட்டில் காலி என்று போட்டிருந்த இடத்தில் ஆள் இருப்பதாகச் சொல்கிறானாம்.

"அக்கா, அப்பா வந்துட்டாரு" என்றான் மர்சேல், வருஷா வருஷம் சொல்வதைப் போலவே.

"கோட்டோடயா?"

"கோட்டோடதான்."

"சரி, வை" என்று செலஸ்தீன் விட்ட இடத்திலிருந்து தையலைத் தொடர்ந்தாள்.

இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். சமாளிக்க என்ன இருக்கிறது? சந்தியாகு ஏப்ரலில் இரண்டு வண்டி மணல் கொட்டி மேடு கட்டுவான், அக்டோபரில் அதே மணலை அள்ளி ஓரமாகக் குவிப்பான், இரண்டு வேலைக்கும் தனித்தனிக் கூலி கேட்டான், கொடுத்தோம். கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு என்பதால் அன்றைக்கு ஆள் ஊரில் இருப்பார், மெழுகுவர்த்தி ஏற்றுவதில் தடங்கல் இல்லை. ஆனி மாசத்து மாங்கனித் திருவிழாவுக்கு இருக்க மாட்டார், உயிரோடு இருந்தபோதும் இருந்ததில்லை. பங்குச் சாமியார்தான் கொஞ்சம் குழம்பினார், ஆள் இல்லாத குழிக்கு மந்திரிப்பதா வேண்டாமா என்று, பிறகு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டால் வீண் விசாரணை வரும் என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டுப் பாட்டை அக்டோபருக்கு வைத்துக்கொண்டார்.

அப்புறம் பொட்டலங்கள். உயிரோடு இருந்த காலத்தில் தெருவில் பிரான்ஸில் பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அரைக் கிலோ எடுத்துப் போவார், அதற்கு மேல் பத்து கிராம் கூடினாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டாம் வருஷம் ஏப்ரல் பதினாறு அன்று யாரோ ஒரு தாய் கல்லறையின் மேல் நார்த்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஐந்தாம் நாள் சார்செலில் அவள் மகன் வீட்டுக் கதவடியில் பொட்டலம் இருந்தது. அதன்பிறகு கேட்க வேண்டுமா? கருவாடு, பருப்புப்பொடி, தலைவலித் தைலம், பேத்திக்குக் கொலுசு என்று அந்தச் சாயங்காலம் கல்லறை மேல் சந்தைபோல் குவிந்துவிடும். அரைக் கிலோவுக்கு மேற்பட்டதெல்லாம் காலையில் கல்லறை மேலேயே கிடக்கும்.

எல்லாம் ஒரு வழியாகப் பழகிவிட்ட நேரத்தில்தான் வெளிநாட்டு வரி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தெருவில் அந்த மாதிரிக் கடிதங்களை ஹபீப் மரைக்காயரிடம்தான் கொண்டுபோவோம், பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்கு நாற்பது வருஷமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர், இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருப்பார், ஒன்று படிப்பதற்கு, ஒன்று கெட்ட செய்தி சொல்வதற்கு. செலஸ்தீன் கடிதத்தோடு போனபோது இரண்டாவது கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, ஒங்க வாப்பா எந்த நாட்டு ஆளுன்னு கேக்குறான். அவன் நாட்டு ஆளுன்னா சார்செல் வீட்டுக்கு மட்டுமில்ல, இந்த வீட்டுக்கும் சேத்து வரி கட்டணும். உன் பங்குக்கு வர்றதைப் பாத்தா, வீட்டை வித்தாத்தான் முடியும்."

"இந்தியா ஆளுன்னு எழுதிடுங்க மாமா."

"எழுதலாம். இங்க செத்தவன் சொத்துக்கு வரி கிடையாது, அதோட போச்சு. ஆனா ஆதாரம் கேப்பான். ஏதாவது ஒரு நாடு அவரைப் பாதி வருஷத்துக்கு மேல வச்சிருந்துச்சான்னு கேப்பான். நூத்தி எண்பத்தொண்ணு இங்க, நூத்தி எண்பத்தொண்ணு அங்க. மனுஷன் தராசு புடிச்ச மாதிரி இருந்திருக்காரு."

"சமமா இருந்தா யாருக்கு?"

"யாரு மொதல்ல கடுதாசி போட்டானோ அவனுக்கு" என்றார் மரைக்காயர்.

இரண்டு வருஷம் கடிதம் போனது, கடிதம் வந்தது. இறந்தவர் இன்னமும் வந்து போய்க்கொண்டிருப்பதால் கோப்பை மூட இயலவில்லை என்று ஒரு முறை எழுதினார்கள். செலஸ்தீனுக்குத் தூக்கம் போய்விட்டது. மிஷினை மிதிப்பாள், நிறுத்துவாள், எழுந்துபோய் மாடிப்படியை எண்ணுவாள், திரும்பி வந்து மறுபடி மிதிப்பாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பாவைப் போலவே கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்குகிற பெண் அந்த இரண்டு மிஷினையும் தூக்கிக்கொண்டு எந்த வாடகை வீட்டுக்குப் போவாள்? மர்சேல் போனில் அழுதான், என்னால் ஒன்றும் முடியவில்லை அக்கா என்றான், அவனால் முடியவில்லை என்பது உண்மைதான்.

இன்னும் ஒரே ஒரு நாள் அவர் காரைக்காலில் படுத்திருந்தால் போதும், நூற்று எண்பத்திரண்டு ஆகிவிடும், வீடு தப்பிவிடும் என்று தெருவே சேர்ந்து வேலை செய்தோம். குழியின் மேல் ஆறு பேர் தூக்குகிற கருங்கல்லை வைத்தோம், கல் அசையவில்லை, அவர் போய்விட்டார். மறு வருஷம் பொட்டலம் யாரும் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டோம், கையில் சுமை இல்லாமல் போய்விட்டார். மூன்றாவது வருஷம் கடைசிக் கடிதம் வந்தது, ஏப்ரல் முடிவதற்குள் ஆதாரம் வராவிட்டால் அவர் எங்கள் ஆள், வரி கட்ட வேண்டும் என்று. அந்தப் பதினாறாம் தேதி செலஸ்தீன் கல்லறைக்கே போய் நின்று, எத்தனையோ வருஷத்துக்கப்புறம் தானாக வாய் திறந்து, "ஒரு நாள் இருந்துட்டுப் போங்கப்பா" என்று கேட்டாள். கட்டுப்பாட்டை நாங்களே கைவிட்டிருந்தோம், அவளைச் சுற்றிப் பொட்டலங்கள் இருந்தன. அவள் வீடு வந்து சேர்வதற்குள் மண் உள்வாங்கிவிட்டது.

மறுநாள் பதினேழாம் தேதி காலையில் கண்டக்டர் மனைவி ரெஜினா ரவிக்கை வாங்கிப் போக வந்தாள். கழுத்து இறக்கம் சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "ஒங்கப்பா நேத்து எங்க வூட்டுக்காரரு பஸ்லதான் போனாரு" என்றாள்.

"எங்க?"

"எங்கயா? எப்பவும் போறதுதான், வேளாங்கண்ணிக்கு, அந்தக் கடலோர லாட்ஜுக்கு. சரியான சில்லறை குடுத்தாராம். அவருக்குன்னு ஜன்னல் சீட்டு விட்டு வைப்பாரு எங்க வூட்டுக்காரரு. உசுரோட இருந்தப்பலேர்ந்தே அப்படித்தானேக்கா."

செலஸ்தீன் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே" என்றாள் ரெஜினா.

மரைக்காயர் விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார், தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வாஞ்சூர் சாவடியைத் தாண்டிவிட்டால் வேறு நாடு என்று அந்த மனுஷர் நினைத்திருக்கிறார், பத்து வயதில் மனசில் விழுந்த கோடு எழுபது வயதானாலும் அழியவில்லை, ஆகவே வருஷா வருஷம் மூன்று நாள் காரைக்காலிலும் இல்லாமல் சார்செலிலும் இல்லாமல் வேளாங்கண்ணியில் போய் உட்கார்ந்திருக்கிறார். வேளாங்கண்ணி எந்த நாட்டில் இருக்கிறது? நூற்று எண்பத்தொன்றோடு மூன்றைக் கூட்டினால் நூற்று எண்பத்து நான்கு.

"அவரு எல்லா வருஷமும் இந்தியா ஆளாத்தான் இருந்திருக்காரு, அவருக்குத்தான் தெரியல. லாட்ஜ் ரிஜிஸ்தர்ல கையெழுத்து இருக்கும். அதை நகல் எடுத்துக்கிட்டு வா, வீடு ஒன்னோடது" என்றவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செலஸ்தீன் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

பதினெட்டாம் தேதி காலையில் தாயின் நினைவுப் பூசையை முடித்துக்கொண்டு செலஸ்தீன் பஸ் ஏறினாள். வீடு நிலைத்தது என்ற சந்தோஷம் ஒரு ராத்திரிகூட அவளுக்குத் தங்கவில்லை. அம்மா கண்ணை மூடும்போது அவர் சென்னையில் இல்லை, ஆகாயத்தில் இல்லை, ஒரு மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார், ஒன்றுக்கும் உதவாத ஒரு கணக்கைக் காப்பாற்றிக்கொண்டு. என் கல்யாணத்தை நிறுத்திய கணக்கும் அதுதான், என்று நினைத்தாள். வாஞ்சூர் தாண்டினாலும் இந்தியாதான், உங்க நோட்டு ஒரு வருஷம்கூட சரியா இருந்ததில்ல, நீங்க அம்மா பக்கத்துலயே இருந்திருக்கலாம். இந்த மூன்று வாக்கியத்தையும் திருமருகல் ரோட்டு நெரிசலிலும் நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டிலும் வேளாங்கண்ணி வளைவிலும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது நன்றாகக் கூராகிக்கொண்டே வந்தது.

லாட்ஜ் மேனேஜர் ரிஜிஸ்தரை எடுத்துக் கொடுத்தார். இருபது வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு ஏப்ரலும் பதினாறு சாயங்காலம் உள்ளே, பத்தொன்பது ராத்திரி வெளியே, ஏழாம் நம்பர் அறை, நீட்டி வளைத்த அதே கையெழுத்து. எந்த நாட்டவர் என்ற கட்டத்தில் பிரெஞ்சு என்றும், எங்கிருந்து வருகிறார் என்ற கட்டத்தில் காரைக்கால் என்றும், அடைப்புக்குள் வெளிநாடு என்றும் எழுதியிருந்தது. செத்த பிறகு வந்த வருஷங்களிலும் எழுதியிருந்தது, மை மட்டும் கொஞ்சம் மண்ணாக இருந்தது. "ஐயா மேலதான் இருக்காரு. சாப்பாடு வேணாங்கறாரு, மத்தபடி ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் மேனேஜர்.

கதவு திறந்தே இருந்தது. முஸ்யே கோட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டியபடி கட்டில் ஓரத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், காலடியில் எங்கள் தெருப் பொட்டலங்கள் அடுக்காக இருந்தன, மடியில் கறுப்பு நோட்டு.

"வா பாப்பா. இன்னிக்கு என்ன தேதி?"

"பதினெட்டு."

"அப்ப நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி." விரலால் நோட்டில் எதையோ தொட்டுக்கொண்டார். பிறகு, "உங்கம்மாவுக்குப் பூசை வச்சியா?" என்றார்.

"வச்சேன்."

"அன்னிக்கு நான் எழுந்திரிக்கறப்ப கையைப் புடிச்சிக்கிட்டா. பேச்சு நின்னுபோச்சு, பிடி மட்டும் நிக்கல. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சு எடுத்தேன், அஞ்சு விரலையும். இங்க வந்து இதே கட்டில்ல உக்காந்துக்கிட்டு, திரும்பிப் போயிடலாம், போயிடலாம்னே இருந்தேன், கண்டக்டர் வந்து சேதி சொல்ற வரைக்கும். ஒரு மணி நேரம்தானே. போனா நூத்தி எண்பத்திரண்டு ஆயிடும், வீடு உனக்கு நிக்காது." அவர் வலது கையை இடது கை பிடித்துக்கொண்டிருந்தது. "அவளும் அதைத்தான் சொல்லியிருப்பா. இல்லியா பாப்பா?"

செலஸ்தீனுக்கு மூன்று வாக்கியமும் நாக்கில் நின்றன. எத்தனையோ வருஷமாக அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள், இனி ஒரு ஏப்ரல் இதுபோல் அமையாது. ஜன்னலுக்கு வெளியே மொட்டை அடித்துக்கொண்ட குடும்பம் ஒன்று கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்பாவின் கையை, ஒரு கையை இன்னொரு கை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் போகவில்லை, அது அவளுக்குள்ளேயே இருந்தது, ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்றுதான் வந்தது.

"கணக்கை எடுத்துட்டாங்கப்பா."

"எந்தக் கணக்கு?"

"நாள் கணக்கு. இனிமே யாரும் எங்க வேணும்னாலும் எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாமாம். மரைக்காயர் மாமாவுக்குக் கடுதாசி வந்துருச்சு."

"வீடு?"

"வீடு நமக்குத்தான். அதையும் எழுதிக் குடுத்துட்டாங்க."

முஸ்யே நோட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "எப்பலேர்ந்து எடுத்தாங்க?"

"போன மாசத்துலேர்ந்து."

"அப்ப, உங்கம்மா இருந்தப்ப?" என்று கேட்டபோது அவர் மகளைப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்தார்.

"அப்ப இருந்துச்சுப்பா" என்றாள் செலஸ்தீன். "அப்ப நீங்க போட்ட கணக்கு சரிதான்."

அவர் நோட்டைக் கோட்டு உள்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டு, பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மகளிடம் பாதி கொடுத்துத் தான் பாதி வைத்துக்கொண்டு, "அப்ப வீட்டுக்குப் போவோமா" என்றார்.

திரும்பி வந்த பஸ்ஸிலும் ரெஜினா புருஷன்தான் கண்டக்டர். இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், ஜன்னல் சீட்டைக் காட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. வாஞ்சூர் சாவடி நெருங்கி பஸ் வேகம் குறைந்தபோது முஸ்யேவின் கை கோட்டு உள்பைக்குப் போனது. செலஸ்தீன் அந்தக் கையைப் பிடித்து, "வேணாம்ப்பா, இப்ப கேக்க மாட்டாங்க" என்று மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் நிற்காமல் தாண்டியது. கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவள் பிடியை விடவில்லை, அவரும் விரலைப் பிரிக்கவில்லை.

ரிஜிஸ்தர் நகலை மரைக்காயர் அனுப்பினார், கோப்பு மூடப்பட்டது, வீடு செலஸ்தீனுக்கு நின்றது. எங்களுக்குத்தான் நஷ்டம், பொட்டலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு கூரியர்காரனிடம் போய் நிற்கிறோம், கருவாடு என்றால் அவன் முகம் சுளிக்கிறான். செலஸ்தீன் தெருவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். அதனால்தான் நாகப்பட்டினம் போகிறவர்கள் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது, அவர் காதில் விழுகிற மாதிரிக் கொஞ்சம் உரக்கவே, "வெளிநாடு போயிட்டு வந்துடறோம் முஸ்யே" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் பதினேழாம் தேதி காலையில் சந்தியாகு மண்வெட்டியோடு போனபோது செலஸ்தீன் அவனுக்கு முன்னே வந்து நின்றிருந்தாள். மண் உள்வாங்கவில்லை. அவள் குனிந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்து, "நூத்தி எண்பத்திரண்டுப்பா" என்றாள்.